கூட்டி வந்தவரே சாட்சியா?

பேட்டைக்காரன்:
நேற்று இங்கே 'களம்கண்டவன்' என்ற அன்பர் மார்தட்டி ஒரு பதிவு போட்டிருந்தார். பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முக்கூடலுக்குப் பக்கத்தில் ஒரு ஊர். பீடி சுற்றும் பெண்களின் மூச்சுக் கோளாறு பற்றி இவருடைய கல்லூரி ஆய்வு செய்கிறது. வயதான பெண்கள் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மகளிர் குழுத் தலைவியைப் பிடித்தார்களாம். அந்த அம்மா ஒரே மதியத்தில் எல்லாரையும் சமுதாய நலக்கூடத்துக்குக் கூட்டி வந்துவிட்டாராம். ஆச்சிமார் வரிசையாகக் கைநாட்டு வைத்தார்களாம். ஒவ்வொரு படிவத்திலும் சாட்சிக் கையெழுத்துப் போட்டது யார் என்றால், அதே குழுத் தலைவி. கடைசியில், "நம்ம ஊரில் சம்மதம் இப்படித்தான் வரும், டெல்லியில் ஏசி அறையில் விதி எழுதுகிறவனுக்கு இது விளங்காது" என்று நமக்கு ஒரு பாடம் வேறு.

ஆளைக் கூட்டி வந்தவரே சாட்சியும் என்றால் அப்புறம் சாட்சி எதற்கு வே? ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், 2017-ல் வெளியிட்ட ஆய்வு நெறிமுறைகளை ஒருமுறை புரட்டிப் பாரும். வாசிக்கத் தெரியாதவரிடம் ஒப்புதல் வாங்கும்போது, படிக்கத் தெரிந்த, பாரபட்சம் இல்லாத ஒரு சாட்சி உடன் இருக்க வேண்டும். அவர் ஆய்வோடு ஒட்டு உறவு இல்லாதவராக இருக்க வேண்டும். விளக்கம் சொல்லத் தொடங்கியதிலிருந்து கைநாட்டு வைக்கிற வரை அங்கேயே இருந்து பார்க்க வேண்டும். ஆள் திரட்டிக் கொடுத்தவர் இந்தக் கணக்கில் வருவாரா? இதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும்.

களம்கண்டவன்:
பேட்டை அண்ணாச்சிக்கு வணக்கம். நீங்கள் விதியை வாசித்திருக்கிறீர்கள், நான் வெயிலில் நின்றிருக்கிறேன். பீடி சுற்றுகிற வீட்டு வாசலில் போய் ஒரு படிவத்தை நீட்டிப் பாருங்கள். மடியில் இருக்கிற சொளவை, அதான் முறத்தை, இறக்காமலே "கையெழுத்தெல்லாம் போட மாட்டோம், போங்க" என்பார்கள். முன்பின் தெரியாத ஒருவரைச் சாட்சி என்று கூட்டிப் போனால், பீடிக் கம்பெனி அனுப்பிய ஆள் என்று கதவைச் சாத்துவார்கள். குழுத் தலைவி அவர்களுக்குத் தெரிந்த முகம். பன்னிரண்டாம் வகுப்பு படித்தவர். தகவல் தாளை முழுக்க மைக்கில் வாசித்தோம். சந்தேகம் உண்டா என்று கேட்டோம். ஒருத்தர்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கள் நெறிமுறைக் குழு அனுமதி கொடுத்த ஆய்வுதான் இது. இதற்கு மேல் உங்களுக்கு என்ன வேண்டும்?

மேலப்பாளையம் லாத்தா:
ஒருத்தர்கூட வேண்டாம் என்று சொல்லவில்லையாம். ஏன் சொல்லவில்லை என்று யோசித்தீர்களா? என் உம்மா பீடி சுற்றித்தான் எங்களைப் படிக்க வைத்தார், அதனால் எனக்கு இந்த வீடுகள் தெரியும். குழுவில் கடன் வாங்கியவள், தலைவி கண்முன்னால் "எனக்கு இது வேண்டாம்" என்பாளா? அடுத்த கடனுக்கு யாரிடம் போய் நிற்பாள்?

மைக்கில் வாசித்தது அதைவிடக் கொடுமை. இருமல் உண்டா, சளியில் ரத்தம் வருமா, வீட்டுக்காரர் குடிப்பாரா என்றெல்லாம் கேட்போம் என்று ஊர்கூட்டிச் சொல்லிவிட்டு, சந்தேகம் உண்டா என்றால் யார் வாயைத் திறப்பார்கள்? பெண் பார்க்க வருகிற நேரத்தில் இந்த வீட்டில் இருமல் என்று பேச்சு வந்தால் போச்சு.

இன்னொன்று. 2023-ல் மகளிர் உரிமைத் தொகைக்கு முகாம் போட்டுப் படிவம் வாங்கினார்களே, அதிலிருந்து எங்கள் பக்கம் யார் தாளைக் கொண்டுவந்தாலும் ஆயிரம் ரூபாய்க்குத்தான் என்று ஒரு நினைப்பு. விடுபட்டுப்போனவர்கள் எந்தத் தாளாக இருந்தாலும் ரேகை வைப்பார்கள். உங்கள் நலக்கூடத்துக்கு வந்தவர்களில் எத்தனை பேர் அப்படி வந்தார்கள்? இது அரசாங்கத் திட்டம் இல்லை, இதில் சேர்ந்தால் பணம் வராது, சேராவிட்டால் எதுவும் போகாது என்று தனித்தனியாகச் சொன்னீர்களா, இல்லை அதையும் மைக்கில்தான் சொன்னீர்களா?

ஓய்வு வாத்தியார்:
இரண்டு பேரும் சேர்ந்து ஒரு இளைஞரைக் குதறுகிறீர்கள். பள்ளிக்கூடத்திலேயே வாழ்நாளைக் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். நம் சீமையில் பத்து வீட்டுக்கு ஒரு பெரிய மனுஷி இருப்பாள். அவள் சொன்னால் கேட்பார்கள். கல்யாணம், காதுகுத்து, வரி, கொடை எல்லாம் அப்படித்தான் நடக்கிறது. தனி ஆளைக் கூப்பிட்டு "உன் சுய விருப்பம் என்ன" என்று கேட்பது அமெரிக்காவிலிருந்து வந்த பழக்கம். ஊர் சம்மதித்தால் ஆள் சம்மதித்த மாதிரிதான்.

அப்புறம், தாமிரபரணிமேல் இருக்கிற சுலோசன முதலியார் பாலத்தைக் கலெக்டர் கட்டினார் என்று போன மாதம் இங்கே எழுதியவரே பேட்டைக்காரன்தான். அவர் நெறிமுறை பேசுவது வேடிக்கையாக இருக்கிறது.

பேட்டைக்காரன்:
வாத்தியாரய்யா, கலெக்டர் கட்டினார் என்று நான் எழுதவே இல்லை. கலெக்டர் காலத்தில் கட்டியது என்று எழுதினேன். கலெக்டர் ஆபீஸில் சிரஸ்தார் என்ற அதிகாரியாக இருந்த முதலியார் தன் கைப்பணத்தைப் போட்டார், 1843-ல் பாலம் திறந்தது என்பதெல்லாம் எனக்கும் தெரியும். வாசிக்கத் தெரிந்தவர்களே இப்படி மாற்றி வாசித்தால், வாசிக்கத் தெரியாத ஆச்சிக்கு மைக்கில் என்ன விளங்கியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஊர் சம்மதித்தால் ஆள் சம்மதித்த மாதிரி என்கிறீர்கள். அதே ஐசிஎம்ஆர் நெறிமுறையிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. ஊர்த் தலைவரிடம், பஞ்சாயத்தில், பெரியவர்களிடம் முதலில் போய்ப் பேசத்தான் வேண்டும். அது உள்ளே நுழைய வாங்குகிற அனுமதி. அதை வைத்துத் தனி ஆளின் ஒப்புதலைத் தள்ளிவிட முடியாது. டெல்லியில் எழுதினாலும் நம் ஊர்ப் பழக்கத்தை மறந்துவிட்டு எழுதவில்லை.

பெரியவர் கையெழுத்து என்ன செய்யும் என்பதற்கு ஆந்திராவில் நடந்ததே சாட்சி. 2009-ல் கம்மம் மாவட்டத்தில் பத்து முதல் பதினான்கு வயதுப் பெண் பிள்ளைகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டுப் பார்த்தார்கள். ஓர் அமெரிக்க நிறுவனமும் ஐசிஎம்ஆரும் சேர்ந்து நடத்திய திட்டம். பழங்குடிப் பிள்ளைகள் பலர் விடுதியில் தங்கிப் படித்தவர்கள். பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களும் தலைமையாசிரியர்களும் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்கள். 2010-ல் திட்டத்தையே நிறுத்தினார்கள். 2013-ல் நாடாளுமன்ற நிலைக்குழு கிழி கிழியென்று கிழித்தது. பிள்ளைகள் சிலர் இறந்ததற்கும் தடுப்பூசிக்கும் தொடர்பிருக்க வாய்ப்பில்லை என்று விசாரணைக் குழு சொன்னது. தடுப்பூசி நல்ல தடுப்பூசிதான். ஆனால் ஒப்புதல் வாங்கிய லட்சணத்தால் அந்த ஊசியின் பெயரே நாடு முழுக்கக் கெட்டுப்போனது. வார்டனும் பெரிய மனுஷர்தானே ஐயா?

சரி, களம்கண்டவனே, நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை. கூட்டி வந்தவரே சாட்சியா?

களம்கண்டவன்:
தடுப்பூசியையும் என் ஆய்வையும் ஒரே தராசில் வைக்கிறீர்கள். நாங்கள் ஊசி எதுவும் போடவில்லை. ஒரு கருவியில் மூச்சை இழுத்து ஊதச் சொல்கிறோம். சில கேள்விகள். கொஞ்சம் ரத்தம். அவ்வளவுதான். யாருக்கும் நோவில்லை.

குழுத் தலைவி எங்கள் சம்பளப் பட்டியலில் இல்லை. ஆகவே ஆய்வோடு சம்பந்தம் இல்லாதவர். வீடு வீடாக அலைந்து ஆட்களைத் திரட்டியதற்காக ஐந்நூறு ரூபாய் கொடுத்தோம். அது நன்றிக்கடன். முடிந்ததா?

சும்மா பார்க்கிறவன்:
ஐந்நூறு ரூபாய்! இப்போதுதான் ரயில் ஜங்ஷனை விட்டுக் கிளம்புகிறது.

பேட்டைக்காரன்:
தானாக வந்து வாய் கொடுத்தீரே, நன்றி. ஆய்வுப் பணத்திலிருந்து ஐந்நூறு ரூபாய் வாங்கியவர் ஆய்வோடு சம்பந்தம் இல்லாதவரா? நிலம் வாங்குகிறவன் எவனாவது, தரகு வாங்கிய ஆளே சாட்சிக் கையெழுத்துப் போட்ட பத்திரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவானா? ஆள் திரட்டினதற்குக் கூலி கொடுத்தது தப்பில்லை. தாராளமாக இன்னும்கூடக் கொடுத்திருக்கலாம், அந்த அம்மா அலைந்திருக்கிறார். கூலி வாங்கியவரைச் சாட்சியாக நிறுத்தியதுதான் தப்பு. கூட்டம் குறைந்தால் "என்னம்மா, ஆளே வரவில்லை" என்று அவரைத்தானே கேட்டிருப்பீர்? அப்படி இருக்கும்போது, பின்வரிசையில் ஒரு ஆச்சி "எனக்கு ஒண்ணும் விளங்கலையே" என்றால், இந்த அம்மா "நிறுத்துங்க, இந்தப் படிவம் செல்லாது" என்று எழுந்து நிற்பாரா? அதைச் செய்யத்தான் சாட்சியே.

ஊருக்கு ஒரு அங்கன்வாடி இருக்கிறது. தபால் கொடுக்கிறவர் வருகிறார். கல்லூரிக்குப் போகிற பிள்ளை வீட்டுக்கு வீடு இருக்கிறது. அந்த ஆச்சியின் சொந்தப் பேத்தியையே உட்கார வைத்திருக்கலாம். ஆனால் ஒவ்வொரு ஆச்சிக்கும் ஒரு பேத்தி என்றால் நேரம் ஆகும், ஒரே மதியத்தில் முடியாது. அதுதானே விஷயம்?

ஓய்வு வாத்தியார்:
ஐந்நூறு ரூபாய்க்கு மனசாட்சியை விற்கிறவர்களா நம் பெண்கள்? அந்த அம்மாவைத் தரகர் என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? உங்கள் வீட்டுப் பெண்களாக இருந்தால் இப்படி எழுதுவீர்களா?

மேலப்பாளையம் லாத்தா:
வாத்தியாரய்யா, அந்த அக்கா நல்லவரா கெட்டவரா என்பது இங்கே பேச்சே இல்லை. தங்கமானவராகவே இருக்கட்டும். கடன் நோட்டு அவர் கையில். ஐந்நூறு ரூபாய் அவர் பையில். இந்த இரண்டும் இருக்கிறவர் முன்னால் வேண்டாம் என்று சொல்வது கஷ்டம். பெண்களுக்காகப் பரிந்து பேசுகிற உங்களுக்கு, எதிரே வரிசையில் நிற்கிற பெண்கள் மட்டும் ஏன் கண்ணில் படவில்லை?

கோர்ட் வாசல்:
உணர்ச்சிவசப்படாமல் ஒன்று சொல்கிறேன். கடன் நோட்டு என்று லாத்தா சொல்வது நியாயமாக இருக்கலாம், ஆனால் ஐசிஎம்ஆர் சாட்சியைப் பற்றிச் சொல்லும்போது ஆய்விலிருந்து விலகி இருக்க வேண்டும், ஆய்வு செய்கிறவர்களின் செல்வாக்குக்கு ஆட்படாதவராக இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. பங்கேற்பவர்மேல் அதிகாரம் உள்ளவரைப் பற்றி அந்த இடத்தில் பேச்சில்லை. ஆகவே கடன் நோட்டு வாதம் அங்கே நிற்காது. ஐந்நூறு ரூபாய் வாதம் நிற்கும்.

இன்னொன்று யாருமே கேட்கவில்லை. அந்த ஊரில் காது கேளாதவர்கள் இருந்தார்களா? மைக்கில் வாசித்தால் அவர்களுக்கு என்ன பயன்? 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஆறாவது பிரிவு: அவர்களுக்கு எட்டும் வழியில் சொல்லி, அவர்களே தாராளமாகக் கொடுத்த ஒப்புதல் இல்லாமல் எந்த ஆய்வுக்கும் உட்படுத்தக் கூடாது. மாநிலத்தில் அதற்கென உள்ள குழுவிடம் முன் அனுமதியும் வேண்டும். பாளையங்கோட்டையில் காதுகேளாதோர் பள்ளி நடப்பது ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக. சைகை மொழி தெரிந்தவர் இந்த மாவட்டத்தில் கிடைக்க மாட்டார் என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது.

பேட்டைக்காரன்:
கோர்ட் வாசல் சொன்ன காது கேளாதோர் விஷயம் சரி, அதற்கு அப்புறம் வருகிறேன். ஆனால் கடன் நோட்டு நிற்காது என்பதை ஒப்ப மாட்டேன். வற்புறுத்தல் இருக்கக் கூடாது என்று அதே நெறிமுறை பக்கத்துக்குப் பக்கம் சொல்கிறது. தன் விருப்பத்துக்கு முடிவெடுக்க முடியாத இடத்தில் இருப்பவர்களைப் பற்றித் தனி அத்தியாயமே இருக்கிறது. சாட்சி என்ற ஒரு வரியை மட்டும் பிடித்துத் தொங்கினால் எப்படி? நீங்கள் குமாஸ்தாவா, வக்கீலா?

கோர்ட் வாசல்:
நான் யார் என்பது உங்களுக்குத் தேவையில்லாதது. ஒரு வரியைப் பிடித்துத் தொங்குவதாக நீங்கள் சொல்வதுதான் சிரிப்பு. ஆரம்பத்திலிருந்து ஒரே வரியைக் கேட்டுக்கொண்டிருப்பது யார்?

காரையாறு வழி:
ஊர் சம்மதம் என்று வாத்தியாரய்யா சொன்னதால் எங்கள் மலைப் பக்கத்துக் கதை ஒன்று. 1987-ல் அகத்தியர் மலையில் கேரளப் பக்கம் ஆராய்ச்சியாளர்கள் போனபோது, உடன் வந்த காணிக்காரப் பழங்குடியினர் களைப்புத் தெரியாமலிருக்க ஒரு காயைத் தின்றுகொண்டே நடந்தார்கள். அது என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, ஆரோக்கியப் பச்சை என்ற அந்தச் செடியிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தைச் செய்தார்கள். 1995-ல் கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றுக்கு உரிமம் கொடுத்தார்கள். உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதி காணிக்காரர்களுக்கு என்று முடிவானது. 1997-ல் அறக்கட்டளை வைத்தார்கள். உலகம் முழுக்க இதை நல்ல உதாரணமாகப் பேசுகிறார்கள். நானும் மறுக்கவில்லை, அதுவரை யாரும் அந்த அளவுகூடக் கொடுத்ததில்லை.

ஆனால் காயைக் காட்டியது ஒன்றிரண்டு பேர். அவர்கள் சொன்னால் எல்லாக் காணிக்காரரும் சொன்ன மாதிரியா? வைத்தியம் தெரிந்த பிலாத்திகள் சிலர் அப்போதே இதை எதிர்த்தார்கள். அறக்கட்டளையின் பெயரிலேயே கேரளம் இருக்கிறது. மலைக்கு இந்தப் பக்கம், காரையாறிலும் மயிலாறிலும் இருக்கிற காணிக்காரர்களை யார் கேட்டார்கள்? செடிக்கு மாநில எல்லை தெரியாது. இங்கே இருக்கிறவர்களுக்கும் பாட்டன் பூட்டன் சொல்லிக் கொடுத்த அறிவுதான். 'ஊர்' என்று யாரைச் சொல்கிறோம் என்பதிலேயே தகராறு இருக்கிறது, அதைத்தான் சொல்ல வந்தேன். இப்போதும் செடி தேடி மாணவர்கள் வருகிறார்கள். வனத்துறை அனுமதிக் கடிதத்தை நீட்டுகிறார்கள். அந்தக் கடிதம் காட்டுக்குள் வர. எங்கள் தாத்தா வாயிலிருந்து விஷயத்தை வாங்க இல்லை.

ஓய்வு வாத்தியார்:
பார்த்தீர்களா, பாதிப் பணம் கொடுத்திருக்கிறார்கள். ஊர்ப் பெரியவர்கள் மூலம் போனதால் அல்லவா நடந்தது? என் வாதத்துக்கு நீங்களே ஆதாரம் கொண்டுவந்துவிட்டீர்கள். திருநெல்வேலிச் சீமையின் பண்பு அது. கடையத்திலும் ஆலங்குளத்திலும் நான் வேலை பார்த்த காலத்தில் எந்த சர்வேக்காரனும் ஊர்த் தலைவரைப் பார்க்காமல் தெருவில் இறங்கியதில்லை.

தென்காசிச் சாரல்:
கடையமும் ஆலங்குளமும் தென்காசி மாவட்டம். 2019 நவம்பரிலேயே பிரித்தாகிவிட்டது. இன்னும் எத்தனை வருஷம் எங்களைத் திருநெல்வேலிக் கணக்கில் எழுதுவீர்கள்?

ஓய்வு வாத்தியார்:
சீமை என்று சொன்னேன், மாவட்டம் என்று சொல்லவில்லை. அந்தக் கணக்கில் 1986-ல் பிரிந்த தூத்துக்குடியும் சீமைதான். நான் வேலை பார்த்த காலத்தில் எல்லாம் ஒன்றே.

தென்காசிச் சாரல்:
குற்றாலத்துக்கு மட்டும் "எங்க நெல்லை" என்று உரிமை கொண்டாடுவீர்கள். பீடி சுற்றி நெஞ்சு வலிக்கிறவர்களை எண்ணும்போது எங்கள் பக்கத்தை விட்டுவிடுவீர்கள். கடையத்தில் சுற்றாத பீடியா? அங்கே ஏன் ஆய்வு இல்லை?

காரையாறு வழி:
வாத்தியாரய்யா, நான் சொன்னதற்கு நேர் எதிராக எடுத்துக்கொண்டீர்கள். விடுங்கள்.

களம்கண்டவன்:
கடையத்துக்கும் வருவோம், முதலில் இதை முடிக்கவிடுங்கள்.

பேட்டைக்காரன் அண்ணாச்சி, எல்லாவற்றையும் வீடியோ எடுத்திருக்கிறோம். 2019-ம் வருஷத்து மருந்துச் சோதனை விதிகளில் ஒப்புதல் வாங்குவதை ஒலி-ஒளிப்பதிவு செய்யச் சொல்லியிருக்கிறது. எங்களைப் போன்ற சர்வேக்கு அது கட்டாயமே இல்லை. புது வேதிப் பொருளை மருந்தாகச் சோதிக்கிறபோது, அதுவும் நலிந்த நிலையில் இருப்பவர்களை வைத்துச் சோதிக்கிறபோதுதான் அது தேவை. இருந்தும் எடுத்தோம். இதைவிட வெளிப்படையாக யார் செய்வார்? நேற்று பதிவோடு படம்கூடப் போட்டேனே, ஆச்சிமார் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார்களே, பார்க்கவில்லையா?

பேட்டைக்காரன்:
படத்தைப் பார்த்தேன். நீர் அதைப் பற்றிப் பேசாமல் இருந்திருந்தால் நானும் விட்டிருப்பேன். ஆச்சிமார் முகம் பளிச்சென்று தெரிகிறது. பின்னால் பெஞ்சில் ஊர்ப்பெயர் எழுதியிருக்கிறது. பெயரையும் அடையாளத்தையும் யாரிடமும் சொல்ல மாட்டோம் என்று உம்முடைய தகவல் தாளில் ஒரு வரி இருந்திருக்குமே? அதற்குக் கைநாட்டு வாங்கிய சூட்டோடு படம் இங்கே வந்தது எப்படி? அந்தப் படத்தில் இடது ஓரம் பள்ளிக்கூடச் சுடிதாரில் ஒரு பிள்ளை வரிசையில் நிற்கிறதே, அதற்கு என்ன வயது? பதினெட்டு ஆகவில்லை என்றால் பெற்றோர் ஒப்புதலும் வேண்டும், பன்னிரண்டு வயதைத் தாண்டியிருந்தால் பிள்ளையின் சம்மதமும் எழுத்தில் வேண்டும். அதற்கும் குழுத் தலைவிதான் சாட்சியா?

அப்புறம் "கொஞ்சம் ரத்தம்" என்று போகிறபோக்கில் சொன்னீர். சோதனை போக மிச்சம் எங்கே? அமெரிக்காவில் அரிசோனாவில் ஹவசுபாய் என்று ஒரு சிறு பழங்குடி. 1990-ல் அங்குள்ள பல்கலைக்கழகம் சர்க்கரை நோய் ஆராய்ச்சி என்று அவர்களிடம் ரத்தம் எடுத்தது. பிற்பாடு அதே ரத்தத்தை மனச்சிதைவு நோய் ஆராய்ச்சிக்கும், அந்த மக்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று பார்ப்பதற்கும் எடுத்துக்கொண்டது. தாங்கள் அந்தப் பள்ளத்தாக்கிலேயே தோன்றியவர்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. வழக்குப் போட்டார்கள். 2010-ல் பல்கலைக்கழகம் ஏழு லட்சம் டாலர் கொடுத்து, மிச்சமிருந்த ரத்தத்தையும் திருப்பிக் கொடுத்தது. அவர்களும் கையெழுத்துப் போட்டவர்கள்தான் வே. நம் ஆச்சிமார் திருப்பிக் கேட்டால் எந்தக் குளிர்பெட்டியைத் திறந்து கொடுப்பீர்?

இதெல்லாம் இருக்கட்டும். ஐந்நூறு ரூபாய் வாங்கியவர் சாட்சியாக இருக்கலாமா, கூடாதா? ஒரே வார்த்தையில் சொல்லும்.

இடிந்தகரைக் காற்று:
தாள், கையெழுத்து என்று எல்லாரும் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். எங்கள் கடற்கரையில் கையெழுத்து என்றாலே பயம். கூடங்குளம் போராட்ட நேரத்தில் ஆயிரக்கணக்கானவர்கள்மேல் வழக்குப் போட்டார்கள். பாஸ்போர்ட் எடுக்கப் போன பையன்கள் அலைந்த அலைச்சல் ஊருக்கே தெரியும். அப்புறம் யாராவது வந்து "உடம்பைப் பற்றி நாலு கேள்வி, இங்கே ஒரு கையெழுத்து" என்றால் யார் போடுவார்கள்? பேசுவார்கள், பதில் சொல்வார்கள், ஆனால் பேனாவைத் தொட மாட்டார்கள். ஆபத்துக் குறைந்த ஆய்வுகளில் நெறிமுறைக் குழு ஒத்துக்கொண்டால் வாய்ச்சொல்லாகவே ஒப்புதல் வாங்கிக் குறித்துக்கொள்ள வழி இருக்கிறது. கேள்வி மட்டும் கேட்கிற ஆய்வுக்கு ஏன் யாரும் அதைக் கேட்டு வாங்குவதில்லை? கைநாட்டு வாங்கினால்தான் உங்களுக்குத் தூக்கம் வருமா?

மேலப்பாளையம் லாத்தா:
இது நல்ல கேள்வி. எங்கள் பக்கம் கைநாட்டுக்கும் இதே கதிதான். சுற்றிச் சுற்றி விரல் ரேகை தேய்ந்துபோய் ரேஷன் கடை மிஷினே சில பேரை ஏற்காது. அந்த விரலைப் பிடித்து மையில் அழுத்தி, தெளிவாக விழவில்லை என்று மறுபடி அழுத்தி... அதற்குள் அந்த ஆச்சி இது ஏதோ பெரிய பத்திரம் என்றே முடிவு செய்துவிடுவார்.

பேட்டைக்காரன்:
இடிந்தகரை அன்பர் சொல்வது கேள்வி மட்டும் கேட்கிற ஆய்வுக்கு. இவர் ரத்தம் எடுத்திருக்கிறார். ஆகவே இங்கே பொருந்தாது. சாட்சிக்கு வருவோம்.

இடிந்தகரைக் காற்று:
எல்லாவற்றையும் சாட்சிக்கே இழுத்துக்கொண்டு போகிறீர்களே. உங்களிடம் பேசவும் ஒரு சாட்சி வேண்டும் போலிருக்கிறது.

களம்கண்டவன்:
படத்தை எடுத்துவிட்டேன். அந்தப் பிள்ளை ஆய்வில் இல்லை, ஆச்சிக்குத் துணைக்கு வந்தவள். ரத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியவர்கள் எங்கள் பேராசிரியர்கள், நான் இல்லை.

விதியெல்லாம் பேசுகிறீர்களே, தகவல் தாளின் நகலை ஒவ்வொருவருக்கும் கொடுக்க வேண்டும் என்ற விதியையும் நாங்கள் விட்டுவிடவில்லை. ஆளுக்கொன்று அச்சடித்து, தொலைந்துவிடக் கூடாது என்று மொத்தமாகக் குழுத் தலைவி வீட்டிலேயே பத்திரமாக வைத்திருக்கிறோம். யாருக்கு வேண்டுமானாலும் போய் வாங்கிக்கொள்ளலாம்.

சும்மா பார்க்கிறவன்:
ரயில் கங்கைகொண்டானைத் தாண்டிவிட்டது.

மேலப்பாளையம் லாத்தா:
யா அல்லாஹ். அந்தத் தாளில்தானே "பிடிக்காவிட்டால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், புகார் சொல்ல இந்த எண்ணுக்குக் கூப்பிடலாம்" என்று இருக்கும்? விலக நினைக்கிறவள் அதையும் தலைவி வீட்டுத் திண்ணையில் போய்க் கேட்டு வாங்க வேண்டுமா?

ஓய்வு வாத்தியார்:
நன்றாகத்தானே செய்திருக்கிறார்கள். ஆச்சிமார் கையில் கொடுத்தால் அடுப்பெரிக்கப் போயிருக்கும்.

மேலப்பாளையம் லாத்தா:
எரிக்கட்டுமே. அவர்கள் தாள்.

களம்கண்டவன்:
இனி இந்த இழையில் நான் பதில் சொல்வதாக இல்லை. மூச்சுக் கோளாறு இருக்கிறது என்று கண்டுபிடித்து எத்தனை பேரை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம் என்று உங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. வேலை செய்கிறவனுக்குத்தான் ஏச்சு. கட்டுரை வெளிவரட்டும், நன்றியுரையில் பேட்டைக்காரன் அண்ணாச்சி பெயரையும் சேர்த்துவிடுகிறேன்.

பேட்டைக்காரன்:
என் சம்மதம் இல்லாமல் சேர்க்காதீர். சம்மதம் கேட்க வருவதென்றால் யாரையும் மைக்கோடு அனுப்பாமல் நீரே வாரும், டீ வாங்கித் தருகிறேன். ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது நல்ல காரியம், அதை யாரும் குறை சொல்லவில்லை. சாட்சி விஷயத்தில் பதில் இன்னும் பாக்கி.

தென்காசிச் சாரல்:
கடையத்தில் ஏன் ஆய்வு இல்லை என்று நான் கேட்டதும் பாக்கி.

ஓய்வு வாத்தியார்:
பாலத்தைப் பற்றித் தனி இழை தொடங்கியிருக்கிறேன். பேட்டைக்காரனின் பழைய பதிவை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறேன், கலெக்டர் 'காலத்தில்' என்று எங்கே இருக்கிறது என்று எல்லாரும் வந்து தேடுங்கள்.

பேட்டைக்காரன்:
வருகிறேன். அந்தப் பதிவையும் என்னைக் கேட்காமல்தான் எடுத்துப் போட்டிருக்கிறீர் என்பதைக் குறித்துக்கொள்கிறேன்.